ரோஸ் அங்கிக்காக இரண்டு முறை வாங்கிய படம்

என் வீட்டில் ஒரே ஓவியத்தின் அச்சுப்படிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று முன்னறைச் சுவரில், அயனி மரச் சட்டத்துக்குள். மற்றொன்று வந்த அட்டைக் குழாயிலேயே சுருண்டு பரண்மேல் கிடக்கிறது. இரண்டுக்கும் என் ஓய்வூதியத்திலிருந்துதான் பணம் கொடுத்தேன். வீட்டுச் சுவரில் மாட்ட நல்ல ஓவிய அச்சு வாங்க நினைக்கிறவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாராவது இருந்தால், நான் முதலில் செய்த தவற்றை அவர்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படம், பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1891இல் பசிபிக் தீவான தஹிதியில் வரைந்த 'கடற்கரையில் தஹிதிப் பெண்கள்'. அசல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 69 சென்டிமீட்டர் உயரம், 91 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம். நம் கணக்கில் 27க்கு 36 அங்குலம். சாதாரண வீட்டுச் சுவரில்கூட அசல் அளவிலேயே மாட்டிவிடலாம் என்பது இதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். கோகன் இறந்தது 1903இல். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். விற்கிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கிறார்கள்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். பிறந்ததும் இப்போது இருப்பதும் கடியப்பட்டினத்தில். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நூலகப் புத்தகம் ஒன்றில் இந்தப் படத்தைத் தீப்பெட்டி அளவில் பார்த்தேன். அன்றைக்கு ஓவியர் பெயரைக்கூட நான் சரியாக வாசிக்கவில்லை. வலப்பக்கம் இருந்த பெண்ணின் உட்காரும் முறையைத்தான் பார்த்தேன். சம்மணமிட்டு, மடியில் கீற்றை வைத்துக்கொண்டு, கை வேலையில் இருக்கிறாள். என் அம்மா அப்படித்தான் உட்கார்ந்து ஓலை முடைவாள். தென்னோலையை நடுவில் கீறி, குளத்தில் ஊறப்போட்டு எடுத்து, காலைப்பாடு முடிந்து மீன்காரர்கள் கலைந்த பிறகு முற்றத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவாள். பேச்சுக்கும் முடைச்சலுக்கும் சம்பந்தமே இருக்காது. வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் தம் போக்கில் போகும். அந்தப் படம் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அதை அசல் அளவில் சுவரில் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டே பெண்கள், சட்டத்தை நிறைத்துக்கொண்டு மணலில் இருக்கிறார்கள். இடப்பக்கத்துப் பெண் சிவப்பில் வெளிர்ப் பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றியிருக்கிறாள். அவர்கள் அதைப் பாரேயு என்பார்கள். நாம் பார்த்தால் கைலி என்போம். ஒரு கையைத் தூண் மாதிரி மணலில் ஊன்றி, முகத்தைக் கவிழ்த்திருக்கிறாள். வலப்பக்கத்துப் பெண் உடல் முழுவதையும் மூடும் ரோஸ் நிற அங்கியில் இருக்கிறாள். முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது, கண் மட்டும் ஓரமாகப் போகிறது. பின்னால் மஞ்சள் மணல், அதற்கு மேல் கரும்பச்சைத் தண்ணீர், அதில் வெள்ளைக் கோடாக அலை. தென்னை கிடையாது, படகு கிடையாது. தீவு என்றதும் காலண்டர்காரர்கள் போடுகிற எதுவுமே இதில் இல்லை.

முதல் அச்சை ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கினேன். 1,450 ரூபாய். ஆறாம் நாள் குழாய் வந்தது. பிரித்து, நான்கு மூலையிலும் அரிசி டப்பாக்களை வைத்து மேசைமேல் விரித்தேன். கடல் நீலமாக இருந்தது.

அச்சில் நிறம் கொஞ்சம் முன்பின் ஆவதுண்டு. இது அப்படி ஆனதில்லை. யாரோ கணினிமுன் உட்கார்ந்து, கடல் என்றால் நீலமாகத்தானே இருக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். மணலை வெளுத்திருக்கிறார்கள். அதைவிட எனக்குத் தாங்காதது, அந்த இரண்டு பெண்களின் உடம்பையும் வெளுத்திருந்தார்கள். கோகன் தேனும் செம்மண்ணும் கலந்தது போலத் தீட்டிய தோள்கள் கோதுமை நிறத்துக்கு வந்திருந்தன. ரோஸ் அங்கி செங்கல் நிறமாகிவிட்டது. போதாததற்கு, 3க்கு 4 விகிதத்தில் உள்ள படத்தை அவர்களிடம் இருந்த 2க்கு 3 விகிதத் தாளில் அடைக்க, மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். கீழே வெட்டியதில் மணலில் கிடந்த கீற்று நுனி போய்விட்டது. தாளும் பளபளப்புத் தாள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் முகத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரிகிறது. எழுதிக் கேட்டேன். திரைக்குத் திரை நிறம் வேறுபடும் என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதோடு சரி.

நான் கடற்கரையில் பிறந்தவள். கடல் எப்போது நீலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தை, மாசியில் தெளிந்து கிடக்கும்போது நீலம். ஆனி, ஆடியில் வந்து பாருங்கள்: கரும்பச்சையும் சாம்பலுமாகப் புரளும், வள்ளியாறு கலக்கிற பக்கம் தேநீர் நிறத்தில் இருக்கும். கோகனின் கரும்பச்சை எங்கள் ஊர்க் கண்ணுக்குப் பழக்கமான நிறம்தான். தஹிதியைச் சுற்றிப் பவளப்பாறை அரண் இருக்கிறது. பெரிய அலை அந்தப் பாறையிலேயே உடைந்துவிடும்; உள்ளே இருப்பது அடங்கிய காயல் மாதிரித் தண்ணீர். அதனால்தான் அந்தப் பெண்கள் கடலை முதுகுப்பக்கம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நம் கரைக்கு அரண் எதுவும் இல்லை. ஆடி மாதத்தில் முட்டத்திலோ எங்கள் ஊரிலோ கடலுக்கு முதுகைக் காட்டி யாரும் உட்கார மாட்டார்கள்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஹிதியின் கடற்கரைகள் பலவற்றில் இருப்பது எரிமலைக் கருமணல். மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் என்ற கருங்கனிமம் கலந்து கறுத்துக் கிடக்கிற மணலைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கருமணலில் மனிதத் தோல் எப்படித் தெரியும் என்பது தெரியும். கோகன் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார், அந்த இரண்டு உடம்புகளும் எழுந்து நிற்பதற்காக. 1888இல் பிரான்ஸில் போன்த்-அவென் ஊருக்கு வெளியே ஒரு காட்டில், செருசியே என்ற இளைஞருக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதான்: மரம் உனக்கு மஞ்சளாகத் தெரிகிறதா, அப்படியானால் உன்னிடம் இருக்கிற நல்ல மஞ்சளையே வை. இம்ப்ரெஷனிஸ்டுகள் வெளிச்சம் மாறுகிற கணத்தைத் துரத்தினார்கள். அவர்களுக்குப் பின் வந்த கோகன் நிறத்தைத் தேர்ந்து, கலக்காமல், தட்டையாக, பெரிய பரப்பாக வைத்தார். அப்படி ஒவ்வொரு நிறத்தையும் யோசித்து வைத்த ஒருவரின் படத்தில் கடலைத் 'திருத்துவது' ஒரு பாட்டில் ஸ்வரத்தை மாற்றுவதற்குச் சமம்.

ஆனால் கடலைக்கூட நான் பொறுத்திருப்பேன். அந்த ரோஸ் அங்கி செங்கல் நிறமானதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த அங்கி தஹிதியின் பழைய உடை இல்லை. லண்டன் மிஷனரி சங்கத்தார் 'டஃப்' என்ற கப்பலில் 1797இல் அந்தத் தீவில் இறங்கினார்கள். கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற அங்கி அவர்களுடைய சமயத்தோடு பரவியது. கோகன் 1891 ஜூனில் பப்பீத்தே துறைமுகத்தில் இறங்கியபோது தஹிதி பிரெஞ்சுக் குடியேற்ற நாடாகி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வந்து இறங்கிய சில நாட்களிலேயே கடைசி மன்னர் ஐந்தாம் பொமாரே இறந்துபோனார். நாகரிகம் தொடாத தீவைத் தேடி வந்தவர், நகரம் பிடிக்காமல் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி மத்தாயியா என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கேயும் பெண்கள் அங்கி போட்டிருந்தார்கள். பாரேயுத் துணிகூட ஐரோப்பிய ஆலைகளில் அச்சடித்துக் கப்பலில் வந்த பருத்திதான். அவருக்கு அந்த அங்கி ஓர் இழப்பின் அடையாளம். இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அப்படியே படிக்கிறார்கள்: இடப்பக்கம் சுதந்திரம், வலப்பக்கம் கட்டுப்பாடு.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்ணான என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. அதே லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1818இல் மீட் என்ற மிஷனரி நாகர்கோவிலுக்கு வந்தார். மிஷனரி ஒருவரின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் சாணார் பெண்கள், மேல்சாதியார் முன்னால் மார்பை மூடக்கூடாது என்பது வழக்கம். மிஷன் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட ஆரம்பித்ததும், 1822இல் கல்குளம் பக்கத்தில் அடிதடி தொடங்கியது. சந்தையில், பொது வழியில், உடுத்தியிருந்த துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் ஜெப வீடுகளையும் கொளுத்தினார்கள். விட்டுவிட்டு 37 ஆண்டுகள் நடந்தது அந்தத் தோள்சீலைப் போராட்டம். 1859 ஜூலை 26இல் மன்னரின் உத்தரவு வந்தது: கிறிஸ்தவப் பெண்கள் மாதிரிக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், எந்த மதத்தவரானாலும் முக்குவத்திகள் கட்டுவதுபோல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

முக்குவத்திகள் என்று அந்த உத்தரவில் இருப்பது எங்கள் கடற்கரைப் பெண்களை. என் பாட்டியின் பாட்டி காலத்து மனுஷிகளை. அவர்கள் சுற்றியிருந்த முரட்டுத் துணி ஓர் அரசாணையில் அளவுகோலாக ஏறியிருக்கிறது.

ஆகவே தஹிதியில் அதிகாரம் கொண்டுவந்து போட்ட உடை, இங்கே பெண்கள் அடிபட்டு வாங்கிய உடை. ஒரே சங்கம், ஏறத்தாழ ஒரே காலம். தஹிதியில் மிஷனரிகள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பெண்களின் பாட்டையும் ஆட்டத்தையும்கூட அவர்கள் தடுத்தார்கள். ஆனால் அங்கிக்குள் இருக்கிற பெண்ணைக் கட்டுப்பாட்டின் பொம்மையாக மட்டும் யாராவது காட்டினால் எனக்குச் சம்மதமில்லை. துணி அவளுடையது. முழங்காலை மூடி மடித்து உட்கார்ந்திருக்கிற அந்த உட்காரல் அவளுடையது. கோகன் இந்த ஒரு படத்தில் தான் தேடி வந்த கனவை விட்டுவிட்டு, கரையில் கண்டதை அப்படியே வைத்தார் என்று நினைக்கிறேன். அதனால்தான் இது அவருடைய தஹிதிப் படங்களிலேயே எனக்கு நெருக்கமானது.

அடுத்த ஆண்டே அவர் இதைத் திருத்தினார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் இருக்கிற 1892ஆம் ஆண்டுப் படம், 'பராவ் அபி'. என்ன செய்தி என்று பொருள். நம் ஊரில் வாசலில் நின்று கேட்போமே, என்ன விசேஷம் என்று, அதேதான். அதே இரண்டு பெண்கள், அதே உட்காரல். வலப்பக்கத்துப் பெண்ணின் ரோஸ் அங்கியை மட்டும் எடுத்துவிட்டுப் பூப்போட்ட பாரேயுவைச் சுற்றிவிட்டார். இணையத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டாம். கடைக்காரர்கள் சிலர் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், அதனால் கேட்கும்போது 1891, ஓர்சே என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது அச்சு நாகர்கோவிலில் எடுத்தது. செட்டிகுளம் சந்திப்பிலிருந்து நடக்கிற தூரம். கல்யாண ஆல்பம், திருவிழாப் பதாகை எல்லாம் அச்சிடுகிற ஒரு மாடிக் கடை. ஓவியத்துக்கென்று தனிக் கடை அல்ல, அதனால் தயங்கித்தான் போனேன். கணினியில் இருந்த தம்பிக்கு 25 வயது இருக்கும். நான் ஒரு பெரிய படக்கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். திறந்ததும் அவனுடைய கை பழக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியது. கண்முன்னால் கடல் நீலமாக மாறிக்கொண்டு வந்தது.

"மக்களே, கையை எடு" என்றேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தே விட்டான்.

"மங்கலாக இருக்கிறதே டீச்சர்?"

"மங்கல் இல்லை. அந்த நிறம்தான்."

பாரிஸில் வேலை பார்க்கிற என் பழைய மாணவி, அருங்காட்சியகக் கடையில் வாங்கி அனுப்பிய அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருந்தது. அதை மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தம்பி வேலை செய்த விதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. முழுப் படத்தையும் ஒரே மூச்சில் அச்சிடவில்லை. அங்கி, தோள், மணல், தண்ணீர் நான்கும் வருகிற மாதிரி நான்கு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, சோதனைக்கு அச்சிட்டான். முதல் துண்டில் ரோஸ், சீமைச் சாயம்போலக் கத்தியது. இரண்டாவதில் நீலம் ஏறி ஊதாவாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் குழல்விளக்கின்கீழ் பார்த்துவிட்டு, மாடிப்படி இறங்கித் தெருவில் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். ரோஸ் நிறத்தைக் குழல்விளக்கில் நம்பக் கூடாது; பச்சையடித்துக் காட்டும். இதைப் புடவைக் கடைக்குப் போகிற எல்லாப் பெண்களும் அறிவார்கள். மூன்றாவது துண்டில் வந்தது. வெளுத்த ரோஸ். பல முறை துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தியின் ரோஸ், மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் ஊதா நிழல். நான்காவது துண்டையும் அவனாகவே எடுத்தான், தண்ணீரின் பச்சை இன்னும் கறுக்க வேண்டும் என்று. நான் சொல்லவில்லை, அஞ்சலட்டையைப் பார்த்து அவனே கண்டுபிடித்தான்.

அச்சிட்டது பளபளப்பில்லாத பருத்திக் கான்வாஸில், நிறமி மையில். சாய மையைவிட நிறமி மை வெயிலைத் தாங்கும். கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடும். கான்வாஸின் நெசவு தெரிகிறது. கோகன் சில படங்களுக்குச் சாக்குப் போன்ற முரட்டுத் துணியைப் பயன்படுத்தினார், வண்ணத்தையும் கனமில்லாமல்தான் பூசுவார். அதனால் வான்கோவின் படத்தை அச்சில் பார்த்தால் தூரிகைத் தடிப்பு போய்விட்டதே என்று வருகிற ஏமாற்றம், கோகனிடம் அவ்வளவு வருவதில்லை. அச்சுக்கு ஏற்ற ஓவியர் என்றே சொல்வேன்.

சோதனைத் துண்டு காய்கிற இடைவெளியில் தம்பி கேட்டான், இவருடைய வேறு படம் ஏதாவது உண்டா என்று. 'இயா ஒரானா மரியா'வைக் காட்டினேன். மரியே வாழ்க என்று தஹிதி மொழியில். அதே 1891. சிவப்புப் பூப்போட்ட பாரேயு கட்டிய மாதா, தோளில் குழந்தை, இருவர் தலைக்கும் ஒளிவட்டம். எதிரே இரண்டு பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். கோகன் அந்தக் கைகூப்பலை ஜாவாவின் போரோபுதூர்க் கோயில் சிற்பத்தின் புகைப்படம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். முன்னால் படையல் மாதிரி வாழைப்பழம். பாரிஸ் திரும்பியதும் லக்சம்பர்க் அருங்காட்சியகத்துக்கு அதை இலவசமாகவே கொடுக்க முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் பதாகை அச்சிட வந்திருந்த ஒரு பெரியவர் திரையில் அதைப் பார்த்து நின்றுவிட்டார். "இது எந்த ஊர் மாதா?" என்று கேட்டார். தஹிதி என்றேன். "வாழைக்குலை வைத்திருக்கிறார்களே" என்று, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்த மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

தம்பி இன்னொன்றும் கேட்டான். "இவர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாரா டீச்சர்?" நான் மறைக்கவில்லை. மனைவி மெத்தேயையும் ஐந்து பிள்ளைகளையும் கோபன்ஹேகனில் விட்டுவிட்டுப் போனவர். தஹிதியில் தெஹாமனா என்ற சிறுமியோடு குடும்பம் நடத்தினார். அவளுக்குச் சுமார் 13 வயது. பிறகும் அதே வயதுப் பிள்ளைகள். 1901இல் மார்க்கெசாஸ் தீவுகளில் ஹிவா ஓவாவுக்குப் போய், 1903இல் 54 வயதில் அங்கேயே செத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். 13 வயது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்: பென்சிலைக் கடித்துக்கொண்டு, ரப்பரை இரவல் கேட்கிற வயது. நிறத்தைப் பற்றி அவர் கண்டுபிடித்தது எல்லாம் அந்தக் குற்றத்தைக் குறைக்காது. அவருடைய படுத்திருக்கும் சிறுமிகளின் படங்களை என் சுவரில் மாட்ட மாட்டேன். இந்தப் படத்தை மாட்டுவேன், ஏனென்றால் இதில் இரண்டு பேருமே அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. ஒருத்தி பார்க்கவே இல்லை. மற்றவள் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறாள்.

சட்டம் திங்கள்சந்தைப் பக்கத்து ஆசாரி ஒருவர் செய்தது. கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பொன்முலாம் சட்டத்தைத் தயவுசெய்து இதற்குப் போடாதீர்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் அயனி, மெழுகு மட்டும் தேய்த்தது. அயனியின் மஞ்சள் அந்த மணலுக்கு அப்படியே ஒத்துப்போகிறது. கண்ணாடி போடவில்லை. கடலோர வீடுகளில் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஈரம் பூந்து பூசணம் பிடிக்கும். கான்வாஸுக்குக் காற்று வேண்டும். இரும்பு ஆணி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கிவிடும் என்று சொல்லிப் பித்தளை ஆணி அடித்துக் கொடுத்தார். பின்பக்கம் நான்கு மூலையிலும் அரை அங்குல மரக்கட்டை ஒட்டியிருக்கிறார், சுவரைத் தொடாமல் இருக்க. மாட்டி ஏழு மாதமாகிறது. ஆனி, ஆடி இரண்டும் கடந்துவிட்டன. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. சொன்ன நாளைவிட ஒன்பது நாள் தாமதம். இடையில் ஒரு கல்யாண வீட்டுக் கட்டில் வேலை வந்துவிட்டது. இடப்பக்கக் கீழ்மூலையில் கான்வாஸ் மடிப்பு தடித்திருக்கிறது, உற்றுப் பார்த்தால் சட்டம் அங்கே மயிரிழை எழுந்திருக்கும். அலையின் வெள்ளைக் கோடு அஞ்சலட்டையில் இருப்பதைவிடச் சற்று மஞ்சள். அச்சின் மேல் பூசிய வார்னிஷ் வாசனை போக ஐந்து நாள் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். அச்சுக்கு 2,900, சோதனைத் துண்டுகளுக்கு 150, சட்டத்துக்கு 3,400, ஆக 6,450 ரூபாய். முதல் அச்சைவிட நாலரை மடங்கு. கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் அந்த ரோஸில் தெரிகிறது. அடுத்து கோகன் 1887இல் மார்த்தினிக் தீவில் வரைந்த மாமரங்கள் படத்தை இங்கேயே எடுக்கப் போகிறேன்; தலையில் கூடை வைத்திருக்கிற பெண் ஒருத்தி அதில் இருக்கிறாள்.

போன வாரம் காலையில், வழக்கமாகச் சாளை கொண்டுவருகிற பாட்டி வந்தார். 70 வயதுக்கு மேல் இருக்கும், இன்னும் கடவம் தலையில்தான். தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர், கடவத்தை இறக்கி வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். பிறகு கிட்டப் போய், வலப்பக்கத்துப் பெண்ணின் விரல்களுக்கு நேராகத் தன் விரலை நீட்டினார். தொடவில்லை.

"ஓலை முடைகிறாளோ என்று பார்த்தேன். கை நின்றிருக்கிறது மக்களே."

"ஆமாம் பாட்டி."

"வேலை நடுவில் ஆண்பிள்ளை யாரோ வந்து நிற்கிறான். அவன் போகட்டும் என்று இருக்கிறாள்."

செம்பைத் திண்ணையில் வைத்தார். சாளை இன்றைக்கு நெய்ச்சாளை, நூறு ரூபாய்க்கு எடுக்கட்டுமா என்று கேட்டார்.